காந்தத்துக்கும் கம்பிக்கும் இடையில்

"கிற்றார் சத்தம் காணாது" என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். சொல்பவர் பெரும்பாலும் கிற்றாரைக் கையால் தொட்டிராதவராக இருப்பார். மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்பவராகவும் இருப்பார். சத்தம் காணாவிட்டால் ஆம்ப் பெட்டியில் இருக்கும் குமிழைத் திருப்பவேண்டியதுதானே? அதை விட்டுவிட்டுக் கிற்றாரில் கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தை வாங்கும் பிக்கப்பைத் தூக்கிக் கம்பியோடு ஒட்டவைக்கிறவர்களை என்ன செய்வது? அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் சொந்தப் பெரியப்பா. அதனால் அவமானப்பட்ட ஒரு பெண்ணையும் தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், பெரியப்பா முந்திக்கொண்டு வந்துவிட்டார். உயிரோடு இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான்.

அந்தப் பெண்ணை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மன்னார்த் தீவில் கடலை ஒட்டிய எங்கள் ஊரில் தையல் மெஷின் திருத்துவதுதான் அவருடைய தொழில். சண்டை முடிந்த பிறகு எங்கள் பக்கம் வந்த தொண்டு நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் கொடுத்தன. வரிசையில் நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போயின. மெஷின் பழுதானால் யார் பார்ப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அக்கா யோசித்தார். ஒரு பழைய மெஷினைக் கழற்றிக் கழற்றித் தானாகவே படித்தார். பிறகு ஸ்கூட்டியில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தீவுக்குள்ளும் வெளியே பெருநிலத்திலும் ஊர் ஊராகப் போய்த் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பார். நான் ஓர்கன். எங்கள் இரண்டு கதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

கிற்றார் கனடாவிலிருந்து வந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் பார்சலில் அனுப்பியது. சிவப்பு உடம்பு, அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. அந்தத் தகட்டில் மூன்று பிக்கப்புகள். வந்த வருடம் தேன் மாதிரிப் பாடியது. அடுத்த வருடம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கி ஒரு மாதத்துக்குள் தடித்த கம்பிகள் மட்டும் கத்தின, மெல்லிய கம்பிகள் செத்துவிட்டன. பட்டினத்தில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, பிக்கப் எரிந்துபோய்விட்டது, புதிதாகத்தான் போடவேண்டும் என்றார். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது எப்படிப்பட்ட நியாயம்?

அக்கா திறந்தார். கோவில் மண்டபத்து மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கம்பிகளைத் தளர்த்தித் தகட்டைக் கழற்றினார். கண்டதை எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு பிக்கப்பும் தகட்டின் அடியில் இரண்டே இரண்டு நீளத் திருகாணிகளில் தொங்குகிறது. தடித்த கம்பிப் பக்கம் ஒன்று, மெல்லிய கம்பிப் பக்கம் ஒன்று. தகட்டுக்கும் பிக்கப்புக்கும் நடுவே திருகாணியைச் சுற்றி ஒரு சிறிய ஸ்பிரிங். இறுக்கினால் அந்தப் பக்கம் மேலே ஏறும், தளர்த்தினால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே காந்தமும் அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியும்தான். அது எரியவுமில்லை, கருகவுமில்லை. எங்கள் உப்புக் காற்று ஸ்பிரிங்குகளைத் தின்றுவிட்டிருந்தது. அக்கா துணியில் தட்டியபோது செங்கல் தூள் மாதிரி உதிர்ந்தன. பிடித்துவைக்க ஒன்றுமில்லாமல் திருகாணிகள் தளர்ந்து, பிக்கப்புகள் மெல்லிய கம்பிப் பக்கம் கீழே சரிந்து கிடந்தன.

"இப்ப ஸ்பிரிங்குக்கு எங்க போறது?" என்று நான் கேட்டேன்.

"ஸ்பிரிங் போட்டா அடுத்த சோளகத்துக்கும் உதுதானே பிள்ளை" என்றார். எழும்பிப்போய் சைக்கிள் வால்வுக்குள் போடும் மெல்லிய ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். துண்டு துண்டாக வெட்டித் திருகாணிகளில் மாட்டினார். ரப்பருக்கு உப்பென்ன, காற்றென்ன. எங்கள் கடற்கரையில் எத்தனையோ வருடம் தாங்கும். பட்டினத்துக் கடைக்காரரின் தலையில் அடித்து இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்கா, "அந்த அண்ணைக்கு அண்டைக்கு நேரம் இல்லாமப் போயிருக்கும்" என்றார்.

இதுதான் அக்கா. ஒரு ஆளின்மேல் பிழை சொல்ல அவருக்கு வாய் வராது. திருகாணி இறுகிவிட்டது என்பார், ஸ்பிரிங் போய்விட்டது என்பார், காற்று என்பார், மண் என்பார். மனிதர்கள் எல்லோரும் அவருக்கு நல்லவர்கள். எனக்கோ எதைப் பார்த்தாலும் முதலில் யார் செய்தது என்றுதான் வரும். அதனால் அவரோடு இருப்பது சில நாட்களில் ஆறுதலாக இருந்தது, சில நாட்களில் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் அவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரே மெஷினை மச்சாள்மார் இரண்டு பேர் வைத்துத் தைக்கிறார்கள். மெஷின் நின்றுபோனது. இளையவள்தான் உடைத்தாள் என்று மூத்தவள் சொல்ல, இரண்டு பேரும் இரண்டு கிழமையாகப் பேச்சில்லை. அடுப்பும் தனித்தனி. அக்கா மெஷினைக் கவிழ்த்து வைத்து அடியில் துழாவி, ஒரு நூல் உருண்டையையும் கொஞ்சம் மணலையும் எடுத்துக் காட்டினார். "பாருங்கோ, காத்துக்கு வந்த மண். ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை" என்றார். மச்சாள்மார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது. திரும்பி வரும் வழியில் அக்கா ஸ்கூட்டியை நிறுத்திக் கையை விரித்தார். உள்ளங்கையில் முறிந்த ஊசியின் நுனி. வளைந்த ஊசியை மாற்றாமல் யாரோ வைத்து அடித்திருக்கிறார்கள். அதில் சுற்றியிருந்தது இளையவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் நூல்.

"அப்ப இளையவள்தானே உடைச்சது?"

"ஓம்."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"சொன்னா மெஷின் ஓடுமே?"

எனக்கு அன்றைக்கும் கோபம் வந்தது. உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? மூத்தவள் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியவேண்டாமா? நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னால் வீதிக்குக் குறுக்கே நின்ற கழுதைகள் விலகும்வரை ஹோர்ன் கூட அடிக்காமல் பொறுமையாக நின்றார்.

ஆனால் கிற்றாரில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். தடித்த கம்பியைக் கழுத்தின் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில் ஒரு ஐந்து ரூபா நாணயக் குற்றியை நுழைப்பார். அது உரசாமல் போய்வர வேண்டும். மெல்லிய கம்பிப் பக்கத்துக்கு இரண்டு ரூபாக் குற்றி, அங்கே இடைவெளி குறைவு. இரண்டும் பழைய குற்றிகள்தான். இப்போது வரும் புதுக்குற்றியைக் கொண்டுபோனால் காந்தம் 'டக்' என்று இழுத்துக்கொண்டுவிடும், அதை வைத்து அளக்க முடியாது. பிறகு திருகாணியில் கால் சுற்று. வாசித்துப் பார்ப்பார். இன்னொரு கால் சுற்று. திரும்பவும் வாசிப்பார். ஆறு கம்பியும் ஒரே அளவாகக் கேட்கும்வரை எழும்ப மாட்டார். பூசைக்கு மணி அடித்தாலும் சரிதான். பங்குச் சுவாமி ஒருமுறை பீடத்தில் ஏறிய பிறகும் அக்கா குனிந்து திருகிக்கொண்டிருந்தார்.

பாடகர் குழுவுக்குத் தலைவர் என் பெரியப்பா. படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு கதவு மாற்றுவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான். அவருக்குப் பாட்டு என்றால் சத்தம். பக்கத்து ஊர்த் திருநாளில் ஸ்பீக்கர் எத்தனை, எங்கள் திருநாளில் எத்தனை என்பதுதான் அவருடைய பக்தி. மன்னிக்கவேண்டும், இப்படிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒத்திகையில் அவர் ஆரம்பித்தார்.

"பக்கத்து ஊர்க் கிற்றார் கடல் வரைக்கும் கேட்டது. எங்கட என்னெண்டா நுளம்பு காதுக்க இரையிற மாதிரி. பிக்கப்பை மேல தூக்கு பிள்ளை."

"ஆம்பில கூட்டுவம் மாஸ்டர். பிக்கப்பைத் தூக்கினா காந்தம் கம்பியை இழுக்கும். சுருதி கெட்டுப்போம்."

"எந்தப் புத்தகத்தில இருக்கு உது?"

அக்கா ஸ்குறூட்றைவரை எடுத்தார். தடித்த கம்பிப் பக்கத்தைக் கால் சுற்று ஏற்றினார், வாசித்தார். இன்னும் ஏற்றினார், வாசித்தார். சத்தம் கூடியது உண்மை. பெரியப்பா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா மேலும் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, தடித்த கம்பியை மேல் கட்டைகளில் பிடித்து மீட்டினார். ஒரே கம்பியில் இரண்டு சுருதி எழுந்து ஒன்றோடொன்று அடிபட்டன. குடத்துக்குள் மாட்டிய குளவி மாதிரி ஊங் ஊங் என்று அலையடித்தது. பாடவந்த பெடியள் சிரித்துவிட்டார்கள். அக்கா பெரியப்பாவைப் பார்த்து அல்ல, கிற்றாரைப் பார்த்து, "இவ்வளவுதான் இது தாங்கும்" என்று சொல்லிக்கொண்டு திருகாணியைப் பழைய இடத்துக்கு இறக்கினார். ஆனால் பெடியளின் சிரிப்பு பெரியப்பாவின் காதிலிருந்து இறங்கவில்லை.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் நான் ஓர்கனைத் துடைத்து வைக்கக் கோவிலுக்குப் போனேன். அக்கா அன்று இலுப்பைக்கடவைப் பக்கம் மெஷின் திருத்தப் போயிருந்தார். இரவு அங்கேயே தங்கிக் காலையில் நேரே பூசைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பாடகர் வாங்கில் கிற்றார் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் பெரியப்பா. ஸ்பீக்கர் கட்ட வந்த சவுண்ட் செற் அண்ணை குனிந்து திருகிக்கொண்டிருந்தார். மூன்று பிக்கப்பும் கம்பியைத் தொடாத குறையாக ஏறி நின்றன. பெரியப்பா ஒரு சின்னக் குப்பியை அவரிடம் நீட்டினார். செருப்பு ஒட்டும் பசை அல்ல, ஒரு நிமிடத்தில் கல்லாக இறுகும் பசை. ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சொட்டு.

"திருநாளும் அதுவுமாத் திருகிக்கொண்டு இருக்கேலாது. இனி ஒருத்தரும் ஆட்டேலாது" என்றார் பெரியப்பா.

"அக்காவுக்குச் சொல்லேல்லையோ பெரியப்பா?"

"நான் சொல்லுவன். நீ உன்ர ஓர்கனைப் பார்."

சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் தன்னைத் திருத்திவிட்டாள் என்பதற்காகக் கோவில் பொருளுக்குப் பசை ஊற்றுகிற மனிதர் சொல்லுவாரா? என் கையில் போன் இருந்தது. அக்காவின் எண்ணும் இருந்தது. ஒரு அழைப்பு, அரை நிமிடம், அவ்வளவுதான். அந்தக் கிழமைதான் பெரியப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. எண்ணை எடுத்தேன், வைத்தேன், திரும்பவும் எடுத்தேன், வைத்தேன். பிறகு ஓர்கனைத் துடைத்தேன். அதன் கட்டைகள் அன்றைக்குப் போல் வேறு எந்த நாளும் பளபளத்திருக்காது.

திருநாள் காலை அக்கா ஸ்கூட்டியில் புழுதியோடு வந்து இறங்கியபோது முதல் மணி அடித்துவிட்டது. தளர்ந்த கம்பிகளுக்குச் சுருதி சேர்த்தார், தான் அளந்து வைத்துவிட்டுப் போன பிக்கப்பைக் குனிந்து பார்க்கவில்லை. திறந்த கம்பியில் ஒன்றும் தெரியவில்லை. வருகைப் பாடலில் மேல் கட்டைகளுக்குக் கை போனதும் ஊங் என்று தொடங்கியது. அதுவும் பெரியப்பா ஏற்றி வைத்த ஸ்பீக்கர்களில், கடல் வரைக்கும் கேட்கும்படி. பாடுகிறவர்கள் சுருதியை விட்டு அங்குமிங்கும் ஓடினார்கள். கோவில் நிறைந்த சனம் திரும்பிப் பார்த்தது. அடுத்த பாட்டுக்கு முன் அக்கா அவசரமாகக் குனிந்து ஸ்குறூட்றைவரை வைத்துத் திருப்பினார். அசையவில்லை. முழுப் பலத்தோடு திருப்பினார். திருகாணியின் தலைதான் மழுங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

காணிக்கைப் பாடலில் அக்கா கிற்றாரின் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். அதன் பிறகு பூசை முடியும்வரை சத்தமே இல்லாத கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். கையை எடுக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு வாசிக்கிற மாதிரியே இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கூட்டம். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆரையும் நோகடிக்கிறதுக்குச் சொல்லேல்லை. தையல் மெஷினும் கிற்றாரும் ஒண்டில்லை. பழக்கமில்லாத கையில கிற்றாரைக் குடுத்தது என்ர பிழை. இனி என்ர மகன் வாசிக்கட்டும். ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?"

என்ன நெஞ்சழுத்தம்! 'என்ர பிழை' என்று சொல்லியே அக்காவைத் தள்ளிவிட்டார். எல்லோரும் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். அக்காவின் முறை வந்தபோது, அவர் சொல்லுவார், இன்றைக்காவது சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "திருகாணி இறுகிப் போச்சு" என்றார். அவ்வளவுதான். எப்படி இறுகியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் எல்லோர் பிழையையும் விரல் நீட்டிச் சொன்னவளுக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

பெரியப்பாவின் மகன் இரண்டு ஞாயிறு வாசித்தான். அதே ஊங் ஊங். மூன்றாவது கிழமை, எந்தக் கை பழக்கமில்லாத கை என்று சொல்லப்பட்டதோ அதே கைக்குக் கிற்றாரைக் கொடுத்தனுப்பினார்கள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா? அக்கா கதவைச் சாத்தியிருப்பார் என்று நினைத்தேன். வாங்கி வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் கோபம் தலைக்கேற, அவருடைய வீட்டுக்கு நடந்தேன்.

முன் அறையில் தையல் மெஷின்களுக்கு நடுவே கிற்றாரை வைத்துக்கொண்டு இருந்தார். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வைத்துப் பிடித்தார். பசை இளகியது. குறட்டால் பிடித்துக் கால் சுற்றாகக் கழற்றினார். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் கூட விழவில்லை.

"ஏன் அக்கா உதைச் செய்யிறீங்கள்? அவை செய்ததுக்கு உடைச்செல்லோ குடுத்திருக்கவேணும்!"

"கிற்றார் என்ன செய்தது?"

"எல்லாத்தையும் விட்டுக்குடுங்கோ. அந்தக் கூட்டத்தில நீங்கள் வாய் திறந்திருந்தா இப்பிடி நடந்திருக்குமே? பெரியப்பா நீட்டின அந்தப் பசை மட்டும் இல்லாட்டி…"

'நீட்டின' என்ற சொல் வாயிலிருந்து போனபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பசையை யார் நீட்டினார் என்று ஊரில் யாரும் பேசவில்லையே. அக்கா கையிலிருந்த கோலை அதன் தாங்கியில் வைத்தார். மின்சாரத்தை நிறுத்தினார். அவசரப்படவில்லை.

"சவுண்ட் செற் அண்ணை அடுத்த நாளே வந்து சொன்னவர்" என்றார். "மாஸ்டர் சொல்லித்தான் செய்தனான் எண்டு அழுதார். நீ பக்கத்தில நிண்டதையும் சொன்னவர்."

நான் பக்கத்து மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மாஸ்டருக்கு என்னில கோவம், அவர் போட்டார். அந்த அண்ணைக்கு வேலை போயிடும் எண்ட பயம், அவர் செய்தார். நீ என்ர பக்கத்துக் கதிரையில இருந்தனீ. ஒரு போன் எடுத்திருந்தா இலுப்பைக்கடவைக் கோவில் கிற்றாரை வாங்கிக்கொண்டு வந்திருப்பன். கூட்டத்திலயும் நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நான் சொன்னா என்னைக் காப்பாத்தச் சொல்லுறன் எண்டுவினம். நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பினம்." கொஞ்சம் நிறுத்தினார். "அது பசையின்ர பிழை இல்லை, பிள்ளை. உன்ர பிழை."

குரல் உயரவில்லை. திரும்பக் கிற்றாரை மடியில் எடுத்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவாகக் கேட்டன. உறையில் போட்டு இழுத்து மூடி, "போற வழிதானே, குடுத்து விடு" என்று என் கையில் தந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாசல்வரை நினைத்துக்கொண்டே போனேன், கேட்கவில்லை. கிற்றாரைக் கொண்டுபோய்ப் பெரியப்பா வீட்டில் கொடுத்தேன். அக்கா திருத்தித் தந்துவிட்டாவோ என்று அவர் கேட்டார். ஓம் என்றேன்.